ஜான் பாஷாவின் மலையும் ரோஷன் பீவியின் பாலமும்

பொண்டாட்டிக்கு நல்ல பெயர் கிடைத்தால் புருஷன்காரன் பூரித்துப்போக வேண்டும் என்று ஊர் சொல்லும். ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். சூரமங்கலத்தில் ஃபோம் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஜான் பாஷாவைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு சிரமமான காரியம் என்று தெரியும். ஒரு முழம்கூட இல்லாத பாலம் அது. அட்டையும் ரெக்ஸினும் ஒட்டிச் செய்தது. பொம்மை ரயில் அதன் அடியில் போகும், பொம்மை லாரி அதன் மேலே நிற்கும். அதற்காக ஐம்பது வயது தாண்டிய ஒரு மனுஷன் கட்டிய மனைவியின் மேலேயே வயிறு எரிந்தார் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். எரிந்தது, எரிந்தது, அப்படி எரிந்தது.

ஜான் பாஷா பிறந்தது எருமப்பட்டியில். அவருடைய அத்தா இலவம்பஞ்சு மெத்தை தைத்துச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்றவர். நாலு பிள்ளைகளில் இவர் மூன்றாவது. மூத்ததைத் தோளில் தூக்குவார்கள், கடைசியை மடியில் வைப்பார்கள், நடுவில் கிடப்பதை ‘ஏய், நகரு’ என்பார்கள். பொறாமை அவருக்கு அங்கேதான் பிடித்தது. பெருநாளுக்குப் புதுச்சட்டை அண்ணனுக்கு முதலில் தைத்தார்கள் என்று பொறாமை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று பொறாமை. சேலத்துக்கு வந்து கடை போட்ட பிறகு எதிர்க்கடை போர்டின் மேல் பொறாமை, மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி நன்றாக இருந்ததென்று அதன் மேலும் பொறாமை. சர்க்கரை வியாதி மாதிரி அது. கட்டுப்பாட்டில் வைக்கலாம், ஒரேயடியாக விட்டுப் போகாது.

கெட்ட மனுஷர் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். தொழுகை தவறாது, தராசு தவறாது, கடனென்று வந்த தெருக்காரனைக் கடிந்து பேசியது கிடையாது. ஆனால் பாருங்கள், வாழ்க்கையில் ஒரு தடவையாவது தன் பெயரை நாலு பேர் நடுவில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஒரு ஏக்கம். மெத்தை வியாபாரத்தில் அதற்கு வழியே இல்லை. நல்ல மெத்தை என்றால் படுத்தவன் தூங்கிவிடுகிறான். மோசமான மெத்தை என்றால்தான் கடைக்காரன் ஞாபகம் அவனுக்கு வருகிறது.

அந்த ஏக்கம் தீர்ந்தது சென்னிமலையின் மாடியறையில். சென்னிமலை திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வுபெற்று, சூரமங்கலத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர். அவருடைய மகன் ஈஸ்வர் பெங்களூரில் இருக்கிறான். அப்பா வேலையை விட்டு வந்ததும் ஒரு பொம்மை ரயில் செட்டை அனுப்பிவைத்தான். மனுஷன் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தவர் எடுத்தவர்தான். மாடியறை முழுக்க மேஜை போட்டார், பிளைவுட் அடித்தார், தண்டவாளம் பதித்தார், விரல் நீளத்துக்குச் சிக்னல் கம்பம் நட்டார். அறைக்குள் கட்டிலுக்கு இடம் இல்லை என்று ஆனதும், கீழே போட்டுக்கொள்ள ஒரு மெத்தை சொன்னார். அதைக் கொடுக்க வந்தவர்தான் ஜான் பாஷா.

“என்னங்கண்ணே இது, ரயிலு மொட்டைக் காட்டுல ஓடுது?” என்றார் ஜான் பாஷா, வெறும் பிளைவுட்டைப் பார்த்து.

“என்னத்தப் பண்றதுங்க பாய், நமக்குத் தெரிஞ்சது ஒயரும் ஸ்விட்சும்தானுங்க. மலை, மரமெல்லாம் நமக்கு வராதுங்க” என்றார் சென்னிமலை.

கடையில் மூட்டை மூட்டையாக வெட்டுத் துண்டு கிடக்கிறது. அடுத்த வாரமே ஜான் பாஷா ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு மாடியேறினார். கெட்டி ஃபோம் துண்டுகளை அடுக்கி ஒட்டினார், மெத்தை அறுக்கிற கத்தியால் சீவினார், மேலே நாளிதழைப் பசையில் தோய்த்துப் போர்த்தினார், அதற்கு மேல் பிளாஸ்டர் பூசினார். மலை வந்தது. காய்ந்த டீத்தூள் மண்ணாயிற்று. மெல்லிய ஃபோமைப் பொடியாகக் கிள்ளி, பச்சைச் சாயத்தில் நனைத்து உலர்த்தி, முறுக்கிய கம்பியில் ஒட்டினார். மரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய், மலையடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து, மலையின் முதுகு எங்கே வளைகிறது, எங்கே பாறை தெரிகிறது என்று பார்த்துவிட்டு வருவார். டீக்கடைக்காரர் இவர் இடம் வாங்க வந்த ஆள் என்றே நினைத்திருந்தார்.

மலைக்கு நடுவே குகை குடைந்து முடிந்த அன்று ஒரு வழக்கம் பிறந்தது. புது லாரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி, புது வேலை எது முடிந்தாலும் முதல் ரயில் ஓடும்போது எதையாவது வைக்க வேண்டும் என்றார் சென்னிமலையின் மனைவி சாரதாமணி. எலுமிச்சம்பழம் இன்ஜினைவிடப் பெரியது. அந்தம்மா அடுக்களைக்குப் போய் ஒரு சுண்டைக்காயைக் கொண்டுவந்து தண்டவாளத்தில் வைத்தார். எந்த வேலையை யார் செய்தார்களோ அவர்தான் அன்றைக்கு முதல் வண்டியை ஓட்ட வேண்டும் என்று சென்னிமலை ஒரு சட்டம் போட்டார். கன்ட்ரோலரை ஜான் பாஷா கையில் கொடுத்தார். ஜான் பாஷா பிஸ்மில்லா சொல்லிக் குமிழைத் திருப்ப, இன்ஜின் சுண்டைக்காயை நசுக்கிக்கொண்டு குகைக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. பார்க்க வந்திருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள் கை தட்டினார்கள். “மலை யாருங்க செஞ்சது?” என்று ஒருத்தர் கேட்டார். “நம்ம பாய்தானுங்க, ஜான் பாஷா” என்றார் சென்னிமலை. அன்றைக்கு ஜான் பாஷாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து ரோஷன் பீவியிடம் அதையே மூன்று தடவை சொன்னார்.

ரோஷன் பீவி ராசிபுரத்துப் பெண். வந்த நாளிலிருந்து மெத்தைக்கும் குஷனுக்கும் உறை தைப்பவள் அவள்தான். தையல் மிஷின் ஓடுகிற வேகத்தில் பேசமாட்டாள், நிறுத்திவிட்டுத்தான் பேசுவாள், அதனால் அவள் பேசுவதே குறைவு. மூன்று தடவையும் மிஷினை நிறுத்தி, “மாஷா அல்லாஹ், நல்லதுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள். இவ்வளவு பெரிய மலையைச் செய்திருக்கிறேன், வந்து பார்க்கிறாயா என்று இவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. வராமலே இருந்திருந்தால் கதையே வேறு.

வந்தாள். கடைச் சாவியைக் கொடுக்க ஒரு நாள் சாயங்காலம் மாடியேறி வந்தாள். வாசலில் நின்று மலையைப் பார்த்தாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவள் நன்றாக, நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். “ஏங்க, மலைக்கு ரோடு எங்கங்க? மேல எப்பிடிப் போவாங்க?”

அவ்வளவுதான். சென்னிமலை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “அட ஆமாங்க பாய்! மாசக்கணக்குல மலையப் பாத்தீங்க, மலைக்குப் போற ரோட்டப் பாக்கலியே!” என்றார். இத்தனைக்கும் ஜான் பாஷா டீ குடித்த கடை அந்த மலைப்பாதையின் ஓரத்திலேயேதான் இருக்கிறது. சாரதாமணியும் சிரித்தார். ஜான் பாஷாவும் சிரித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“ரோடு போட்டா தண்டவாளத்தக் குறுக்க தாண்டோணும். அப்ப ஒரு மேம்பாலம் வேணுமுங்க” என்று சென்னிமலை யோசித்தார். பிறகு சும்மா விளையாட்டாக, “கேள்வி கேட்டது நீங்கதானே அம்மிணி, நீங்களே கட்டிக் குடுங்க பாக்கலாம்” என்றார்.

“கட்டறேங்கண்ணா” என்றாள் ரோஷன் பீவி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி வந்தது. துணி சுற்றி வருகிற கெட்டி அட்டையை வெட்டிப் பாலத்தின் தளம் செய்தாள். காலர்களுக்கு வைக்கிற கேன்வாஸை ஒட்டி அதை விறைப்பாக்கினாள். நூல் தீர்ந்த பாபின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண் செய்தாள். குஷன் ஓரத்துக்கு வைக்கிற பைப்பிங் கயிறு கைப்பிடிச் சுவராயிற்று. சாலைக்குக் கறுப்பு ரெக்ஸின். அது வரைக்கும் ஜான் பாஷா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு பொறுத்தார். ஒரு மத்தியானம் அவள் அந்தக் கறுப்பு ரெக்ஸினை மிஷினில் விட்டு, தையலை நீளமாக வைத்து, நடுவே வெள்ளை நூலை ஓட்டினாள். விட்டு விட்டு, விட்டு விட்டு, நெடுஞ்சாலையின் நடுக்கோடு அப்படியே வந்து விழுந்தது. ஜான் பாஷா அதைப் பார்த்தார். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

என்ன அழகு என்று முதலில் தோன்றியது, அதை மறைப்பானேன். அடுத்த நொடியே, இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வந்தது. அதற்கு அடுத்த நொடியில், இதைப் பார்த்துவிட்டால் மலையை எவன் பார்ப்பான் என்று வந்தது. அப்புறம் வேறெதுவும் வரவில்லை. அதுவே நின்றுவிட்டது.

“ஏங்க, தூணு இந்த உசரம் போதுங்களா? இன்ஜின் இடிச்சுக்காதில்ல?” என்று அவள் கேட்பாள்.

“எனக்கென்ன தெரியும். நான் மலைக்காரன். பாலமெல்லாம் பெரிய இன்ஜினியருங்க சமாச்சாரம்” என்பார் இவர்.

அவள் குனிந்து அடுத்த பாபினை எடுத்து அடுக்குவாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால்கூட ஆறியிருக்கும். சண்டைக்கு வராத பொண்டாட்டி மேல் பொறாமைப்படுவது எவ்வளவு பெரிய வேதனை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சென்னிமலை வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பாதி முடிந்த பாலத்தை அவள் ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டினாள். சென்னிமலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், “நம்ம பாயூட்டு அம்மிணி மிஷின்ல தெச்ச ரோடுங்க” என்று சொன்னார். பாயூட்டு அம்மிணி! நேற்று வரை பாய் இருந்த இடத்தில் இன்றைக்குப் பாயின் வீடு வந்து உட்கார்ந்துகொண்டது. ஜான் பாஷா சும்மா விடுவாரா? மெத்தை சுற்றி வருகிற கண்ணாடித்தாளைக் கிழித்து, பசை தடவி, மலை மேலிருந்து ஒரு அருவி விட்டார். அருவி விழுகிற இடத்தில் ஒரு குட்டை. குட்டையில் இரண்டு எருமை. வந்தவர்கள், “அருவி நல்லாருக்குதுங்க பாய்” என்றார்கள். சொல்லிக்கொண்டே கழுத்தைத் திருப்பி, “எங்கீங்க அந்தத் தெச்ச ரோடு?” என்றார்கள். எருமைகளை யாரும் பார்க்கவேயில்லை.

ஜான் பாஷா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “தையக்காரி கட்டுன பாலத்துல எந்த லாரி ஏறும்?” என்று சாரதாமணியிடம் சொன்னார். “அவ பாலம் எப்பிடி உக்காருதுன்னு பாப்போம்” என்று தெருமுனை டீக்கடையில் சொன்னார். அவருடைய உண்மையான பயம் வேறு. பாலம் முடிகிற அன்று சென்னிமலை கன்ட்ரோலரை அவளிடம்தான் கொடுப்பார். முதல் வண்டியை அவள் ஓட்டுவாள். கை தட்டுவார்கள். “யாருங்க செஞ்சது?” என்று கேட்பார்கள். இவருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஒரு கை தட்டல் அதற்கப்புறம் பழசாகிவிடும். அந்த முதல் ஓட்டமும் தனக்கே வந்தால் என்ன என்று அவருக்கு ஆசை.

பாலத்துக்கு இரண்டு பக்கமும் கரை வேண்டும். ஒரு பக்கம் மலைச் சரிவு, மறுபக்கம் மேடு. அந்த வேலை இயல்பாகவே ஜான் பாஷாவுக்கு வந்தது. இரண்டு கரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று சென்னிமலை அளந்து சொல்லியிருந்தார். அந்த அளவுக்குத்தான் ரோஷன் பீவி பாலத்தை முடித்திருந்தாள்.

கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம். கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, கெட்டி ஃபோமை முன்னால் வைத்துக்கொண்டு ஜான் பாஷா உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கூட்டி வெட்டினால் போதும், பாலம் உட்காராது. யாருக்கும் தெரியாது. இந்த நினைப்பு வந்தது, வராமல் இல்லை. வந்ததும் அவருக்கே அசிங்கமாகிப்போயிற்று. சொந்தப் பொண்டாட்டி. மகள் நாஸியாவைப் பெற்றுக் கொடுத்தவள். ‘தவ்பா, தவ்பா’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அளவை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, கோடு போட்டு, நேர்மையாக வெட்டினார். வெட்டி, ஒட்டி, பிளாஸ்டர் பூசி, புல் தூவி, மேஜையில் இறுக்கி வைத்தார். அன்றைக்கு அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. பொறாமை இருந்தாலும் கை சுத்தம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாடியறையில் சென்னிமலையின் பழைய சிக்னல் சகாக்கள், குவார்ட்டர்ஸ்காரர்கள், தெருப் பெண்கள் என்று நிற்க இடமில்லை. சாரதாமணி தட்டில் சுண்டைக்காயோடு தயாராக நின்றார். ரோஷன் பீவி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு கையாலும் பாலத்தைத் தூக்கிவந்து கரைகளுக்கு நடுவே வைத்தாள். உட்காரவில்லை. திருப்பிப் பார்த்தாள். மெல்ல அமுக்கினாள். இரண்டு பக்கமும் கரை நெருக்க, பாலத்தின் நடு முதுகு ஒட்டகத் திமில் மாதிரி எழும்பிற்று. பாபின் தூண்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கின. மேலே நிறுத்தியிருந்த பொம்மை லாரி உருண்டு குட்டையில் எருமைக்குப் பக்கத்தில் விழுந்தது.

சென்னிமலை அளவுகோலை எடுத்தார். பாலத்தை அளந்தார், சரியாக இருந்தது. கரைகளுக்கு நடுவே அளந்தார். நிமிர்ந்தார். “பாய், ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்சு கூட வருதுங்களே” என்றார்.

எல்லோரும் ஜான் பாஷாவைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அத்தனை நாளும் அவர் பேசிய பேச்சு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

“அண்ணே, அல்லா மேல ஆணையா நான் சரியாத்தான் வெட்டுனேன்” என்றார் ஜான் பாஷா. குரல் அவருக்கே திருட்டுக்குரலாகக் கேட்டது.

“பொறாமைக்கும் ஒரு அளவு வேணுமுங்க பாய். பாலம் எப்பிடி உக்காருதுன்னு பாப்போம்னு எங்கிட்டவே சொன்னீங்க. வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்” என்றார் சாரதாமணி. உண்மையில் அதை அவரிடம் சொல்லவில்லை, டீக்கடையில் சொன்னது. ஊருக்குள் பேச்சு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

பாவி மனுஷன், செய்ய நினைத்ததைச் செய்யாமல் விட்டார். செய்யாததற்கு இப்போது மாட்டிக்கொண்டார். ரோஷன் பீவி என்ன நினைக்கிறாள் என்று பார்க்கக்கூடத் தைரியமில்லை.

ரோஷன் பீவி பாலத்தை வெளியே எடுத்தாள். கரையின் விளிம்பை விரலால் தடவினாள். “அவரு வேணும்னு பண்ணலீங்கண்ணா” என்றாள். “மெத்தைக்கு வெட்டற கைங்க அது. உறையவிட அரை இஞ்சு கூட்டி வெட்டுனாத்தான் உள்ள கும்முனு நிக்கும். கோடு எங்க போட்டாலும் கத்தி அரை இஞ்சு வெளியதான் போவும். கல்யாணமான நாள்ல இருந்து பாக்கறேன். நாஸியாவுக்கு ஸ்கூலுக்குப் படம் ஒட்ட அட்டை வெட்டிக் குடுத்தாரு, அதுவும் பைக்குள்ள போவல.”

யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சென்னிமலை ஜான் பாஷாவின் தோளில் கை போட்டு, “மன்னிச்சுக்கோங்க பாய், அவசரப்பட்டுட்டோமுங்க” என்றார். அறை மறுபடி கலகலப்பாயிற்று.

ஜான் பாஷாவுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் என்ன செய்தது தெரியுமா? எடுத்த எடுப்பில் மறுபடி பொறாமைப்பட்டது! “என்ன தங்கமான பொண்ணுடி” என்று தெருப் பெண்கள் பேசிக்கொண்டது இவர் காதில் விழுந்தது. பாலம் கட்டினவள் என்ற பெயர் போதாதென்று புருஷனைக் காப்பாற்றினவள் என்ற பெயரும் அவளுக்கே போய்விட்டது. தன் மானத்தைக்கூட அவள்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. கத்தியை எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, தன் மலையைத் தானே சீவினார். குட்டையில் பாதி போயிற்று. ஒரு எருமை போயிற்று. இரண்டு பக்கமும் அரை அரை இஞ்சு. பாலம் அலுங்காமல் உட்கார்ந்தது. தெச்ச ரோடு மலை மேல் ஏறிப் போனது. பார்த்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள், இவருக்கும் தொண்டை வரை ஆகா வந்தது, விழுங்கிக்கொண்டார்.

சாரதாமணி சுண்டைக்காயைப் பாலத்துக்கு அடியில் தண்டவாளத்தில் வைத்தார். சென்னிமலை கன்ட்ரோலரை எடுத்து ரோஷன் பீவியிடம் நீட்டினார். “ஓட்டுங்க அம்மிணி. மொத வண்டி உங்குளுது.”

அவள் வாங்கினாள். பிறந்ததிலிருந்து ஒரு ஸ்கூட்டர்கூட ஓட்டாதவள். இரண்டு உள்ளங்கையிலும் அதை வைத்துக்கொண்டு குமிழின் மேல் கட்டைவிரலை வைத்தாள். இன்ஜினைப் பார்த்தாள், தண்டவாளத்தைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். ஜான் பாஷாவின் முகம் என்னவாக இருந்ததோ, அவர் அதை எங்கே பார்த்தார்? அவள் பார்த்தாள். மெதுவாக நடந்து வந்து கன்ட்ரோலரை அவர் முன்னால் நீட்டினாள்.

“நீங்க ஓட்டுங்க” என்றாள்.

இந்த இடத்தில் ஒரு புருஷன் என்ன சொல்ல வேண்டும் என்று தண்டவாளத்தில் கிடந்த அந்தச் சுண்டைக்காயைக் கேட்டால்கூடச் சொல்லும். ‘நீ கட்டுனது, நீயே ஓட்டு’. அவ்வளவுதான். ஜான் பாஷாவுக்கும் அது தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வாய்க்கு முன்னால் கை போய்விட்டது. கன்ட்ரோலர் அவர் கைக்கு வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. ஒரு தடவைதானே என்று தோன்றியது. அவளே கொடுக்கிறாளே, கேட்டா வாங்கினேன் என்று தோன்றியது. பிஸ்மில்லா சொல்லிக் குமிழைத் திருப்பினார்.

இன்ஜின் நகர்ந்தது. வளைவு திரும்பி, சிக்னலைத் தாண்டி, சுண்டைக்காயை நசுக்கி, ரோஷன் பீவியின் பாலத்துக்கு அடியில் அரை விரல் இடைவெளியில் தொடாமல் போயிற்று. மூன்று பெட்டியும் பின்னாலேயே போயின. கை தட்டல் மாடியே அதிர்கிற மாதிரி எழுந்தது. ஜான் பாஷா சிரித்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தார். யாரும் இவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் பாலத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னிமலை மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜான் பாஷா ரோஷன் பீவியைத் தேடினார். அவள் சுவரோரமாக நின்று சேலை முந்தானையில் ஒட்டியிருந்த வெள்ளை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ரயில் இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

“இந்தா, இப்ப நீ ஒரு தடவ ஓட்டு” என்று கன்ட்ரோலரை நீட்டினார்.

“இருக்கட்டுங்க. மொத வண்டி போயிருச்சே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தீர்ந்துபோன சாமானுக்குக் கடைக்காரர் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பினார்கள். ஜங்ஷன் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் அடைத்துக்கொண்டு நின்றன. அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள், அதனால் முகம் தெரியவில்லை. வழக்கமாக அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்று சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள். ஜான் பாஷாவுக்கு ஆசைப்பட்ட முதல் ஓட்டம் கிடைத்துவிட்டது. இருந்தும் அவருக்கு இப்போதும் பொறாமைதான். கொடுத்துவிட்டு இவ்வளவு அமைதியாக இவளால் எப்படி உட்கார முடிகிறது என்று பொறாமை. அவள் மேல் தப்பைப் போட்டாலாவது கொஞ்சம் லேசாகும் என்று தோன்றியது.

வண்டி நின்ற இடத்தில் பாதி தலையைத் திருப்பினார். “நீ எதுக்கு எங்கிட்டக் குடுத்த? உன்னுதுதானே, நீயே ஓட்ட வேண்டியதுதானே? நான் கேட்டனா?” என்றார்.

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது.

“வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தாங்க குடுத்தேன்” என்றாள் ரோஷன் பீவி.